கேமராவிடம் சொன்னது

மார்ச் 4

பாப்பாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை போகிறது. அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை. என் போனை நீ எடுப்பதில்லை. விலாசம் உன் சித்தி கொடுத்தாள். "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தான்" என்று கெஞ்சினாள். சொல்லிவிட்டேன். நீ காட்டிக்கொள்ளாதே.

விஷயம் வீட்டுக் கம்ப்யூட்டர். போன மாதம் பேப்பரில் வைரஸைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். கதவுக்கு ஒரே ஒரு பூட்டை நம்பாதீர்கள் என்று முப்பது வருஷமாக ஊராருக்குச் சொல்லிப் பூட்டு விற்கிறவன் நான். அதனால் வைரஸைத் தடுக்கிற ப்ரோக்ராம் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டேன். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், நடுவில் பூட்டு என்கிற கணக்குத்தான்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக இல்லை. முதல் ப்ரோக்ராம் இரண்டாவதைத் திருடன் என்கிறது. இரண்டாவது மூன்றாவதைத் திருடன் என்கிறது. மூன்றாவது வாயே திறக்காமல் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, துணி அலசிப் போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கிறது. மூன்றில் எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது? எனக்கு மண்டை காய்கிறது.

இதனால் உனக்கும் சிரமமாகத்தான் இருக்கும். மற்றபடி என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நீதான் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாயே. ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த நீலச் சட்டை புதுசு. காலர் கொஞ்சம் பெரிதோ?

அப்பா


மார்ச் 11

கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன். வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வைரஸைத் தடுக்கும் ப்ரோக்ராம் ஒன்று போதும். ஒன்றுதான் இருக்கவும் வேண்டும். ஒவ்வொன்றும் எல்லா ஃபைலையும் தானே முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கும். மூன்று பேர் ஒரே அலமாரியைச் சோதனை போட்டால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், உண்மையான திருடன் பின்னால் நடந்து போவான். முதலில் போட்டதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்குங்கள். ஐகானை அழித்தால் போகாது, கன்ட்ரோல் பேனலுக்குப் போய் முறையாக நீக்க வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் ஒன்றை அப்டேட் செய்து, கம்ப்யூட்டர் முழுவதையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நாலைந்து மணி நேரம் ஆகும். நடுவில் அணைக்காதீர்கள்.

இலவசம் என்று எது கண்ணில் பட்டாலும் இறக்கிவிடுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. அதை விடுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். இன்னும் என் பெயரும் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்டு என்றால் வெட்கக்கேடு.

எனக்கு ஒன்று புரியவில்லை. நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? எந்த நீலச் சட்டை? நான் அந்த வீட்டை விட்டு வந்து ஒரு வருஷமும் பத்து மாதமும் ஆகிறது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுச் சித்திக்குப் போன் செய்து, உங்களுக்கு ஞாபகமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "அவருக்கா? போன வருஷம் நான் வாங்கிட்டுப் போன டிஃபன் கேரியரை மாசாமாசம் ஞாபகப்படுத்துறார்டி" என்றாள். அப்படியானால் என்ன எழுதியிருக்கிறீர்கள்?


மார்ச் 18

பாப்பாவுக்கு,

பதில் வந்ததே போதும். மேலே "அப்பா" என்று போடாதது கண்ணில் பட்டது. பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். சாவி வெட்ட வந்த ஒருவர், "என்ன சார், கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம், இரும்புத் தூசி என்றேன்.

நீ சொன்னபடியே இரண்டை நீக்கினேன். ஒன்று போகிற வழியில் "நிச்சயமாகவா?" என்று நாலு தடவை கேட்டது. மிச்சமிருப்பது ஐந்தரை மணி நேரம் துருவிவிட்டு, ஒரு வேவு ப்ரோக்ராமைப் பிடித்துப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது உன்னுடையது அல்லவா?

நீ தெரியாத மாதிரிதான் எழுதுவாய், அது எனக்குப் புரிகிறது. என் மேல் கோபம், நேரில் கேட்க மனசு வரவில்லை, ஆனால் கிழவன் இருக்கிறானா விழுந்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தானே கேமராவில் அதைப் போட்டுவிட்டுப் போனாய்? எனக்கு டிசம்பரிலேயே தெரியும். இன்டர்வியூவுக்காக நீ வாங்கிய கேமரா திரைக்கு மேலேயே இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு, நீ முன்பெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு, அதில் பச்சை விளக்கு எரியும். கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். "யாரோ வேவு பாக்குறாங்க சார். வீட்டு ஆளுங்க யாராவது போட்டிருப்பாங்க. எடுத்துடவா?" என்றார். "தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து ஏழு மணிக்கு முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதன் எதிரில்தான் சாப்பிடுகிறேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவேன். ஜனவரி கடைசி வியாழக்கிழமை, சொல்ல வேண்டியதை எல்லாம் உன்னிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக வாய்க்கு வராதது அன்றைக்குத்தான் வந்தது. நீ ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் விளக்கு எரிந்தது. கேட்டுவிட்டாய், போய்விடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது அதைப் பூட்டி வைத்ததால் மூன்று நாளாக விளக்கு இல்லை. என்ன செய்யட்டும்?

அப்பா


மார்ச் 22

பாப்பாவுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். விளக்கு இல்லாமல் இருக்க முடியவில்லை. நான்தான் உன் முகத்தில் கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். ப்ரோக்ராமிலேயே "அனுமதி" என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் ஏதேதோ மிரட்டியது. என் மகள்தான், விடு என்று மறுபடி அழுத்தினேன். இன்று ஏழு ஐந்துக்கு விளக்கு வந்துவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன். நீயே பார்த்திருப்பாய்.

அப்பா


மார்ச் 26

அப்பா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஆபீஸில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

அது நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. எந்த ப்ரோக்ராமையும் நான் போடவில்லை. எந்த விளக்கும் என்னால் எரியவில்லை. இரண்டு வருஷமாக உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது எவனோ ஒருவன். எங்கே இருக்கிறான், யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவனைத்தான் அந்த ப்ரோக்ராம் பிடித்துப் பூட்டி வைத்தது. நீங்கள் "அனுமதி" பட்டனை அழுத்தி வெளியே விட்டிருக்கிறீர்கள்.

இதைச் சொல்லத்தான் இப்போது உங்களுக்குப் போன் செய்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அடித்துக்கொண்டே இருந்தது. பட்டறையில் மெஷின் ஓடுகிறதா, அல்லது யாரோ என்று விட்டுவிட்டீர்களா தெரியவில்லை. சித்தியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நேரில் வந்து சொல்லுவாள். அவள் பாதியை மறந்துவிடுவாள், அதனால் எழுதியும் அனுப்புகிறேன்.

இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள். கேமராவைக் கழற்றி எடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள், கடைக்காரர் வரும் வரை போடாதீர்கள். எது எது முக்கியமோ அதை மட்டும் அவர் தனியே எடுத்துச் சோதித்துவிட்டு, மொத்தத்தையும் அழித்துப் புதிதாகப் போடட்டும். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுங்கள், இதில் மாற்றினால் புதுசும் அவனுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுப் பிரிவில் இருக்கிறேன், இதைத்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை எங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன தட்டினீர்கள்? கஸ்டமர் பட்டியலை அதில் ஏற்றிவிட்டீர்களா? இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை என்ன சொன்னீர்கள்? உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று நான் எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? கடைசியில் அது ஒரு திருடனுக்குப் போயிருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியாமல் பாத்ரூமில் போய் நின்றுவிட்டு வந்தேன்.


ஏப்ரல் 3

பாப்பாவுக்கு,

முதலில் நான் நம்பவில்லை. உனக்குக் கோபம், அதனால் இல்லை என்கிறாய் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தேதியைச் சொன்னார். அந்த ப்ரோக்ராம் உள்ளே வந்தது போன நவம்பர் பத்தொன்பது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆன பிறகு. அன்றைக்கு நான் "ஆயிரம் சாவி மாதிரிகள், முற்றிலும் இலவசம்" என்று ஒன்றை இறக்கியிருக்கிறேன். அதற்குள் ஒளிந்துகொண்டு வந்திருக்கிறது. ஏழு மணி என்பதும் ஒன்றும் இல்லையாம். அவன் ஊரில் அது என்ன நேரமோ.

திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மாதம் யாருக்கு முன்னால் சாப்பிட்டேன்? யாரிடம் "குட்நைட் பாப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்? அவன் சிரித்திருப்பானா? மொழி புரிந்திருக்காது என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. யார் காதிலும் விழாமல் போய்விட்டதே என்று நினைக்கிறேனா?

கஸ்டமர் பட்டியலையும் ஏற்றியிருந்தேன். நோட்டு கிழிந்துவிட்டது என்று பிப்ரவரியில் உட்கார்ந்து தட்டினேன். முப்பத்தொரு வீடு. பெயர், விலாசம், சாவி நம்பர். அந்த நம்பர் கையில் இருந்தால் பூட்டைப் பார்க்காமலே எவனும் சாவி வெட்டிவிடலாம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பூட்டு போட்டவன் நான், நான்தான் போக வேண்டும். முப்பத்தொரு வீட்டிலும் பூட்டின் உள்பாகத்தைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். ஏன் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சொன்னதைக் கேட்கிறாய். பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். வரவில்லை பாப்பா. ஒரு தடவை வந்தது, கொட்டிவிட்டேன். இப்போது தேடினால் எங்கே என்று தெரியவில்லை. விளக்குக்கு முகம் இல்லை, அதனால் வந்ததோ என்னவோ.

நீ போன் செய்த அன்று மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் பார்த்தேன். திருப்பிக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

அப்பா


ஏப்ரல் 11

அப்பா,

எடுக்கவில்லைதான். போன் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் எடுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. ஆபத்து என்றபோது ஓடி வந்து கூப்பிட்டேன், ஆபத்து இல்லாதபோது பேச என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

உங்களுக்கு வரவில்லை என்கிறீர்கள். சரி, எனக்கு வருகிறது, நான் எழுதுகிறேன். என் மேஜை டிராயரை நான் பூட்டி வைத்திருந்தேன். உங்களிடம் வாங்கிய பூட்டுத்தான். ஒரு கீறல் கூட இல்லாமல் திறந்தீர்கள். வேலைக்கு வரச் சொல்லி எனக்கு வந்திருந்த கடிதத்தைப் படித்தீர்கள். திருப்பி அதே மாதிரி வைத்துப் பூட்டினீர்கள். அந்த ஆபீஸுக்குப் போன் செய்து, "எங்க பொண்ணு வரலைன்னு சொல்லச் சொன்னா" என்றீர்கள். நான் பெட்டியோடு அங்கே போய் நின்றபோது, என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதை மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? சாவி வெட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

ஒன்று சொல்லவா? நானும் எத்தனையோ நாள் உங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். இங்கிருந்தே உள்ளே எட்டிப் பார்க்க வழி இருக்கிறது, அதுவும் தெரியும். கேட்காமல் பார்க்கக்கூடாது என்று விட்டுவிட்டேன். நான் அதைச் செய்திருப்பேன் என்று நீங்கள் நம்பினீர்கள் பாருங்கள், அது வலிக்கிறது. அதை நம்பி நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்று படித்தால், கோபப்படவும் முடியவில்லை. ஒரு திருடன் மேல் எனக்குப் பொறாமை. கேட்டால் யாராவது சிரிப்பார்கள்.

காகிதத்தில் எழுதுங்கள் அப்பா. எத்தனை நாள் ஆனாலும் சரி.

பின்குறிப்பு: புதிதாகப் போட்ட பிறகு பாஸ்வேர்டில் என் பெயர் வேண்டாம். பட்டியலை மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம்.


மே 8

பாப்பாவுக்கு,

இருபத்திரண்டு வீடு முடிந்தது. ஒன்பது பாக்கி.

முதல் வீட்டில் காலிங் பெல் அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் திரும்பிப் படியிறங்கிவிட்டேன். அந்த அம்மா, "யாருப்பா, பூட்டுக்காரரா? ஏன் ஓடறீங்க?" என்று கூப்பிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், பூட்டு கம்பெனியில் ஏதோ கோளாறு, மாற்றித் தருகிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி மாற்றிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மறுபடி போய், "அது பொய்ங்க. உங்க சாவி நம்பரை நான்தான் தொலைச்சேன். என் தப்பு" என்றேன். அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் உட்காருங்கள் என்றார்.

பிறகு எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். ஒரு பல் டாக்டர் வாசலிலேயே நிற்க வைத்துக் கத்தினார். பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன், அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒருவர் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றுவிட்டார். ஒரு கிழவர் நான் சொன்னது ஒன்றும் புரியாமல், தண்ணீர்க் குழாயையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பார்த்தேன். பத்து வீடு தாண்டிய பிறகு ஒன்று கவனித்தேன். "என் தப்பு" என்று சொல்லும்போது உயிர் போகவில்லை. சொல்லி முடித்த பிறகும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கை அப்படியேதான் இருந்தது.

அதனால் இப்போது எழுதுகிறேன். வியாழக்கிழமை சொன்னதே இதுதானா தெரியவில்லை. இதுதான் இருக்கிறது.

உன் டிராயரைத் திறந்தேன். எனக்குத் திறக்கத் தெரியும் என்பதாலேயே திறந்தேன். உன் கடிதத்தைப் படித்தேன். நீ சொல்லாத வார்த்தையை நீ சொன்னதாக அவர்களிடம் சொன்னேன். உனக்கு நல்லதென்று செய்தேன் என்று சித்தியிடம் சொன்னேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் அம்மா போன பிறகு அந்த வீட்டில் இரண்டு தட்டு. நீ போனால் ஒரு தட்டு. அந்தப் பயம்தான். வேறு ஒன்றும் இல்லை. உன் நன்மையை நான் நினைக்கவே இல்லை. நீ வந்து கேட்டபோது மெஷினை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்தவில்லை. அதுவும் தப்பு. மன்னித்துக்கொள் பாப்பா.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. நீ படித்தாய் என்று தெரிந்தால் போதும். அதுகூடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன், ஆனால் அது உண்மையில்லை.

அப்பா


மே 15

அப்பா,

படித்தேன். நின்றுகொண்டே ஒரு தடவை, உட்கார்ந்து இரண்டு தடவை. இப்போது கடிதம் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனால் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருக்கிறது. நடுவில் அந்தக் குழாயைப் பார்க்கச் சொன்ன கிழவரை நினைத்துச் சிரிப்பு வருகிறது. என்ன மனநிலை இது என்று எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். பாக்கி ஒன்பது வீட்டுக்கும் நானும் வருகிறேன். பெல்லை நான் அடிக்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் படியிறங்கிவிடுவீர்கள். சொல்ல வேண்டியதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதில் நான் உதவ மாட்டேன். கம்ப்யூட்டரையும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன். நீங்கள் சரியென்றால்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி வண்டி. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று எழுதினால் எட்டு மணிக்கே வந்து நிற்பீர்கள், அதனால் வாருங்கள் என்றே எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன், நேரில்.

உங்கள் பாப்பா